குண்டுகரிச்சான் பாட்டுக்கு நடுவே உன் குரல்

மச்சி,

உன் சின்ன ஸ்பீக்கர் என் மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் துணிப்பையில் நீ தடவிக்கொள்ளும் தைல வாடை இன்னும் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் இந்த அறைக்குள் அந்த வாடையோடு உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் ஒரே வரியில் திட்டி முடித்திருப்பாய்.

பறவைகள்மேல் உனக்கு இருந்தது சாதாரண ஆசை இல்லை, பைத்தியம். விடிவதற்குள் என்னை எழுப்பி, அடையாற்றில் மரம் அடர்ந்த அந்தச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போவாய். போனில் பதிந்து வைத்த குண்டுகரிச்சான் பாட்டை ஸ்பீக்கரில் போடுவாய். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, நிஜப் பறவை ஒன்று தாழ்ந்த கிளைக்கு வந்து நிற்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். நம்மேல் ஆசைப்பட்டு வருகிறது என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாம் போடுவதைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களும் ஆளாளுக்குப் போனை நீட்ட ஆரம்பித்தார்கள். அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு மரத்துக்கு மரம் அலைந்தது. ஒருநாள் அங்கே பாட்டே இல்லை. அன்றைக்குத்தான் நீ சொன்னாய்: "ஆசையாவது ஒண்ணாவது. வேற ஆம்பள தன் எடத்துக்கு வந்துட்டான்னு சண்டைக்கு வருதுடா. நமக்குத்தான் அது பாட்டு. அதுக்கு அது பட்டா." அதற்குப் பிறகு கூடு கட்டும் மாதங்களில் ஸ்பீக்கர் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஆனால் அதே பாட்டுதானே மரத்தையும் காப்பாற்றியது? உன் மந்தைவெளிக் குடியிருப்பில் வேப்பமரத்தை வெட்டிவிட்டு கார் நிறுத்தலாம் என்று கூட்டம் போட்டார்களே. நீ வாதமே பண்ணவில்லை, ஸ்பீக்கரை ஆன் செய்தாய். "இது நம்ம மரத்துல பாடினது" என்றாய். வெட்டியே தீரவேண்டும் என்று நின்ற சங்கச் செயலாளர் கூட கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். மரம் தப்பியது. "வெறும் காக்கா மட்டும் இருந்திருந்தா வெட்டியிருப்பானுங்க மச்சி" என்று படி இறங்கும்போது சொன்னாய். அதைச் சந்தோஷமாகச் சொன்னாயா, வருத்தமாகச் சொன்னாயா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தாய். போட்டோவுக்கே நிற்காதவன் நீ. உன் குரல் என்று மிஞ்சியது ஒரே ஒரு பதிவுதான். அதில் குண்டுகரிச்சான் பாடிக்கொண்டிருக்க, நடுவில் நீ என்னைத் திட்டுகிறாய்: "டேய், அந்தச் செருப்பைக் கழட்டுடா, கீச்சு கீச்சுங்குது." அப்புறம் உன் சிரிப்பு. தங்கச்சிக்கு, அதான் உன் மனைவிக்கு, போட்டுக் காட்டினேன். அவள் காது மெஷினோடு இயர்போன் ஒத்துவராது என்பதால் ஸ்பீக்கரில், சத்தமாக. நீ போனபிறகு அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன். தினமும் சாயங்காலம் தானே போட ஆரம்பித்தாள்.

பங்குனியில் வந்தது வினை. உன் பால்கனியை ஒட்டி, ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்டு விட்டுப்போன ஓட்டையில் ஒரு ஜோடி கூடு கட்டியது. ஸ்பீக்கர் ஒலித்தால் போதும், ஆண் பறவை கம்பியில் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குதிக்கும். இருட்டும்வரை கூட்டுப் பக்கமே போகாது. என் மகள் கம்ப்யூட்டரில் பாட்டை நீக்கிவிட்டு உன் குரலை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. "இது அவரு இல்லண்ணா" என்றாள் தங்கச்சி.

நான் என்னடா செய்வேன்? உன் குரலை நிறுத்தச் சொல்லி அவளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டு, கூடு கலைந்துபோனால் நீ என்னைச் சும்மா விடுவாயா? எந்தப் பக்கம் நின்றாலும் உனக்குச் செய்யும் துரோகமாகவே பட்டது. பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்து, ஒருவழியாகப் போய்ச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ணா. சண்டைக்குத்தான் வருது. அவர்தான் சொல்லியிருக்காரே. ஆனா அவர் பேசினா, இந்த வீட்டுக்கு யாரோ வராங்கல்ல?"

அவளே ஸ்பீக்கரைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது. குஞ்சுங்க பறக்கட்டும்."

நேற்று போன் செய்தாள். "பறந்துடுச்சுங்கண்ணா." ஸ்பீக்கரைக் கொண்டுவரட்டுமா என்று நான் கேட்கவில்லை. கொண்டுவாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

"அந்த ஆம்பளப் பறவை எதிர்மாடில நிக்குதுண்ணா. வாய் அசையுது. எனக்கு ஒண்ணும் கேக்கல. போனை வெளிய நீட்டறேன், பாடுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு சத்தமாக வைத்தாலும், அந்த மாதிரி உச்சஸ்தாயிக் குரலெல்லாம் அவள் காதுக்கு எட்டாது. இத்தனை நாளும் அந்தப் பதிவில் பாட்டே அவளுக்குக் கேட்டிருக்காது. நீ என்னைத் திட்டியது மட்டும்தான் கேட்டிருக்கும். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நன்றாகவே பாடியது, நிறுத்தாமல் பாடியது. சந்தோஷமாகப் பாடுகிறது என்று எனக்குப் பட்டது. நீ இருந்தால் அதையும் மறுத்திருப்பாய்.

"பாடுதும்மா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

அந்த 'அப்ப சரி'க்கு என்ன அர்த்தம் மச்சி? இனிமேல் வேண்டாம் என்றா, எடுத்துக்கொண்டு வா என்றா? மந்தைவெளிக்கு பஸ் ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல், மேஜைமேலிருந்த உன் குரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.