இறந்த பதினோராம் நாள் ஜெயிலைப் பார்வையிட்ட மாப்பிள்ளைக்கு

என் அருமை மாப்பிள்ளை சிதம்பரத்துக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ இறந்த பதினோராம் நாள், உன் காரியம்கூட முடியாத நேரத்தில், மேட்டு ஜெயிலுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து, எல்லாம் திருப்தி என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உனக்கு இது தெரிந்திருக்காது. என்னால் நடந்தது.

ஜெயில் எந்த ஊரில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தேன். இந்தக் கடிதத்தை அச்சுப்போடுகிற அச்சுக்காரர் பயந்துபோய் வெட்டிவிட்டார். உனக்குத் தெரியும், அது போதும்.

சிரிக்காமல் கேள். ஜெயிலுக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை உள்ளே போய்க் கைதிகளைப் பார்த்து, கண்டதை எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா? நம் பதுளைக் கடைவீதி சார்பில் அந்த வேலையைப் பதினைந்து வருஷம் நீ பார்த்தாய். இந்த விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, அரசாங்கக் கச்சேரியிலிருந்து முதலியார் வந்து, "அடுத்து யாரு போறது?" என்று கேட்டார். எல்லா முதலாளிமாரும் தரையைப் பார்த்தார்கள். நல்லெண்ணெய்க் கடைக்காரர் அந்த நிமிஷமே இருமத் தொடங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவனைப் பிடித்துப் போட்டார்கள்.

"வேலாயுதத்துக்குத்தான் காய்ச்சல் வந்து போயிருச்சே, இனி என்ன பயம்?" என்றார்கள். என் படிப்பைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. கடைப் பலகையில் என் பேரையே பெயின்டர் எழுதித்தான் நான் பார்த்தேன் என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது, வேண்டிய நேரத்தில் ஒருத்தர் ஞாபகத்துக்கும் வரவில்லை.

தங்கச்சி வள்ளியம்மையிடம் கேட்டு உன் கறுப்புக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கோட்டு இல்லாதவனுக்கு அந்த வாசல் திறக்காது. உனக்கு அது சட்டை மாதிரி தொங்கும். எனக்குப் பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது. தங்கச்சி அழுதுகொண்டிருந்தவள், என்னை அதில் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாள், மாப்பிள்ளை. நீ போன பிறகு அதுதான் முதல் தடவை.

புறப்படும்போது கடை வாசலில் ஒரு பொம்பளை நின்றாள். காளியம்மா. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். அவள் புருஷன் சடையன், கடன் தீர்ந்தது என்று துரை தருகிற துண்டு வாங்காமல் வேறு தோட்டத்துக்குப் போன குற்றத்துக்காக அந்த ஜெயிலில் கல்லுடைக்கிறான். காய்ச்சல் வந்ததிலிருந்து உறவுக்காரர் யாரையும் உள்ளே விடுவதில்லை.

"மொதலாளி, அவரு உசுரோட இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

போனேன். வியாழக்கிழமை, நீ வழக்கமாகப் போகும் நாள். நீ செய்கிற மாதிரியே முதல் நாள் ஆளனுப்பிச் சொல்லிவிட்டும் போனேன். ஜெயிலர் வாசலுக்கே வந்து, தேத்தண்ணி கொடுத்து, காய்ச்சல் கொட்டகையைக் காட்டினார். வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி. சடையன் நடுவில் இருந்தான். கடைசியில் ஒரு கிழவர், பல்லில்லாத வாயால் என் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். "குறை ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லைங்க" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிறகு புத்தகத்தை நீட்டினார்கள். ஜெயிலர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கோ எழுத்து வராது. மேலே உன் கையெழுத்தில், முத்து முத்தாக, போன தடவை நீ எழுதியது இருந்தது. அதைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி எழுத்து எழுத்தாக வரைந்தேன். 'கைதிகள் குறை எதுவும் சொல்லவில்லை. எல்லாம் திருப்தி.' நன்றாக வருகிறதே என்ற சந்தோஷத்தில் நிறுத்தாமல் கீழே இருந்ததையும் வரைந்துவிட்டேன். அது உன் கையெழுத்து. தேதியை ஜெயிலரே போட்டுக்கொண்டார்.

கீழே இருந்ததையும் விடாமல் வரைந்தேன் என்று வீட்டில் உன் மகள் செல்லத்திடம் பெருமையாகச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

காளியம்மாவிடம், "நல்லாத்தான் இருக்கான், புதுக் கம்பளி போத்திப் படுத்திருக்கான்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நாலு நாளில் திரும்பி வந்தாள். இந்தத் தடவை கும்பிடவில்லை. விடுதலையாகி வந்த ஒருத்தன் அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டான்.

"காய்ச்சல்காரங்க எல்லாம் ஈரச் சிமிந்தித் தரையிலே சாக்கைப் போட்டுப் படுத்திருக்காங்களாம். நீங்க பாத்தது வியாழக்கெழமைக் கம்பளிங்க, மொதலாளி."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வியாழக்கிழமை கொட்டகைக்குள் போனதும் தேத்தண்ணி வேண்டாம் என்றேன். கடைசிப் பாயில் கிழவரைக் காணோம். கேட்டதற்கு, "அது சனிக்கிழமையே முடிஞ்சு போச்சு" என்றான் வார்டர். பாயைச் சுருட்டியாகிவிட்டது என்கிற மாதிரி சொன்னான்.

சடையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கம்பளியைப் பிடித்து ஓர் உதறு உதறினேன். உள்ளிருந்து ஒரு வசம்புத் துண்டு விழுந்தது. பக்கத்தில் இருந்ததை உதறினேன். அதிலும் வசம்பு.

மாப்பிள்ளை, பூச்சி அரிக்காமல் இருக்க ஒவ்வொரு கம்பளியின் நடு மடிப்பிலும் வசம்பு வைத்துக் கட்டுவது இந்த ஊரில் யார் கடையில்? என் கடையில். ஆடி மாதம் அந்த ஜெயிலுக்குப் போன கட்டு அது. மடிப்பைப் பிரித்து ஒரு ராத்திரி போர்த்திப் படுத்திருந்தாலும் அந்தத் துண்டு விழுந்திருக்கும். நான் வைத்த வசம்பு, நான் வைத்த இடத்திலேயே, மூன்று மாதமாக இருக்கிறது!

"ஏன்டா, சாக்குதானே போத்துறீங்க? சொல்லேன்டா!" என்றேன் சடையனிடம்.

அவன் ஜெயிலரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "குறை ஒண்ணும் இல்லைங்க" என்றான். அவன் பல் தந்தியடிக்கிறது, குறை இல்லையாம். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது வாயைத் திறந்தவனுக்கு அன்றைய பேர் விழாது, கூலியும் கிடையாது என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள். வரிசையில் வைத்துக் கேட்டால் எப்படிச் சொல்வார்கள்? பதினைந்து வருஷம் நீ அப்படித்தானே கேட்டாய்?

நேரே கச்சேரிக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க் ஐயா, இங்கிலீஷ் காகிதம் ஒன்றை எடுத்துத் தமிழில் சொன்னார்: இந்த மாதம் பார்வையாளர் திருப்தி என்று எழுதியிருக்கிறார், ஆகவே விசாரணை தேவையில்லை.

"ஐயா, அதை எழுதினவரு செத்துப் பதினோரு நாளாச்சுங்க அன்னைக்கு."

"செத்ததுக்கு அத்தாட்சி இருக்கா?"

ஓடிப்போய் வள்ளியம்மையிடம் வாங்கிக் கொண்டுவந்து வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையை முழுக்கச் சொன்னேன், பார்த்து வரைந்ததை, கோலம் போட்டதை, எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"அப்படின்னா, எழுதினது தப்புன்னு கையெழுத்துப் போட்டவர்தான் எழுதித் தரணும்."

இந்தக் கடிதத்துக்குக் காரணம் இதுதான், மாப்பிள்ளை. எழுதித் தருகிறாயா? உயிரோடு இருக்கிறவர்களுக்கு மூன்று மனுப் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நீயும் பதில் போடப்போவதில்லை. ஆனால் உன்னிடம் அதற்காகக் கோபித்துக்கொள்ள முடியாது.

கோபமே இல்லை என்று சொல்லமாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது உன் மரியாதை. அந்த மரியாதையை அவர்கள் நன்றாக உபயோகித்துக்கொண்டார்களே! ஒரு கம்பளியையாவது தூக்கிப் பார்த்தாயா? பிறகு செல்லத்தை விட்டு, நீ வீட்டில் வைத்திருந்த நகல் நோட்டின் பழைய பக்கங்களைப் படிக்கச் சொன்னேன். போன வருஷம் முழுக்க, மாசம் தவறாமல், 'குளிருக்குக் கம்பளி வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கட்டு வந்ததே உன்னால்தான். உன்னிடம் திட்டவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் ஆக்கிவிட்டாயே. உனக்கு இது எப்போதும் கைவந்த கலை.

கச்சேரியிலிருந்து வந்த மறு செவ்வாய்க்கிழமை, கொட்டுகிற மழையில், ஆளனுப்பாமல் போனேன். காளியம்மா வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே அவள் சொன்னதுதான். சாக்கு. ஈரச் சிமிந்தி. சடையன் என்னைப் பார்த்து உன் பேரைச் சொல்லி, "சிதம்பரம் மொதலாளி வாங்க" என்றான். பிதற்றல். கம்பளி எல்லாம் ஸ்டோருக்குள் பூட்டி இருந்தது. கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"எழும்புங்க முதலாளி, இன்னைக்கு உங்க நாள் இல்லையே" என்றார் ஜெயிலர்.

"காய்ச்சல் மட்டும் நாள் பாத்தா வருதுங்க?"

"காய்ச்சல்காரன் போத்தினதை எரிக்கணும்னு உத்தரவு. எரிச்சா ஸ்டோரிலே குறையும். குறைஞ்சா பதில் சொல்றது நான். யாராவது எழுதித் தந்தா நான் இப்பவே திறக்கிறேன்."

அவ்வளவுதானா? ஒரு கிழவர் செத்துப்போனது, யார் எழுதித் தருவது என்று தெரியாமலா? அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய வியாழன், உன் கையெழுத்தில் திருப்தி என்று வரைந்தது இந்தக் கை. அந்தக் கிழவர் பேர்கூட நான் கேட்கவில்லை. அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாக இருந்தது என்று மேலே எழுதினேனே, அதை வெட்ட வேண்டாம் என்று அச்சுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். இந்தத் தடவை பார்த்து எழுத மேலே எதுவும் இல்லை. 'கம்பளி கொடுக்கச் சொன்னது நான். எரித்தாலும் நான்.' கீழே என் பேர். எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது. 'வே' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஜெயிலர் இரண்டு தடவை படித்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

சடையன் பிழைத்துக்கொண்டான். இன்னும் எழுந்து நிற்க முடியவில்லை, ஆனால் கஞ்சி குடிக்கிறான். அன்று நான் வெளியே வந்ததும், "இன்னைக்கு என்ன கம்பளிங்க?" என்று காளியம்மா கேட்டாள். "செவ்வாய்க்கெழமைக் கம்பளி" என்றேன். அழுதாள், கூடவே என் கோட்டைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். கிளார்க் ஐயா இன்னும் உன் கடிதத்துக்குத்தான் காத்திருக்கிறார்.

மற்றச் செய்தி: அரிசி கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. வள்ளியம்மை இப்போது சாப்பிடுகிறாள். செல்லம் எனக்குத் தினமும் அரை மணி நேரம் எழுத்துச் சொல்லித் தருகிறாள். உன்னைவிடக் கண்டிப்பு. இந்தக் கடிதத்திலும் பாதியைத் திருத்தியவள் அவள்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஒரு வியாழக்கிழமையும் அங்கே போகமாட்டேன். போகிற நாளை என் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லமாட்டேன். வரிசையில் நிறுத்திக் கேட்கமாட்டேன். கம்பளியை உதறுவேன். பேரைக் கேட்பேன். கண்டதை மட்டும், என் கோணல் எழுத்தில் எழுதுவேன்.

போன திங்கட்கிழமையும் போனேன். குனிந்து ஒரு பானையைப் பார்த்தபோது உன் கோட்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை பின்பக்கம் கிழிந்தது. குளிருக்கு ஒரு கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டு கைதிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மாலை அடைக்கிற நேரத்தில் புது வார்டர் எண்ணினான். ஓர் ஆள் கூடுதலாக வந்தது. மூன்று தடவை எண்ணிவிட்டுக் கதவைப் பூட்டினான். எனக்கும் ஒரு தகரக் குவளையில் கஞ்சி தந்தார்கள். கஞ்சியில் உப்பு இல்லை. வெளியே விட்டதும் அதைப் புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தன் பேரைத் தானே எழுதும் உன் மச்சான்,
கம்பளிக்கடை வேலாயுதம்