பழைய காரின்ரை நாலு சில்லு

நறுவிலிக்குளம்
புதன்கிழமை

அன்பு மகள் துசாந்தினிக்கு அப்பா எழுதிறது. இஞ்சை எங்கடை உடம்புக்கு ஒரு குறையுமில்லை, நீயும் மருமகனும் பிள்ளையளும் அந்தக் குளிருக்குள்ளை சுகமா இருக்கவேணுமெண்டு பிள்ளையாரை மண்டாடிறன். போனிலை சொல்லலாம்தான், ஆனா கொம்மா ஸ்பீக்கரிலை போட்டு ஊருக்கே கேக்கப்பண்ணுவா. செலீனா ரீச்சர் ஞாயிறு லண்டனுக்கு மகளிட்டை வாறா, அவவின்ரை கையிலை குடுத்துவிடுறன். வாசிச்சிட்டு என்னை ஏசு, பரவாயில்லை.

தம்பி கிருஷாந்தன் புதுசா எடுத்த, கறண்டிலை ஓடுற கார் தெரியும்தானே. வந்து ஒரு மாதத்துக்குள்ளை எங்கடை றோட்டுப் பள்ளக் கிடங்குக்குள்ளை விழுந்து ரெண்டு ரயர் வெடிச்சு, றிம்மும் நெளிஞ்சுபோச்சு. அந்த அளவு மன்னாரிலை இல்லை, கொழும்பாலை வரச் சுணங்குமாம். நான்தான் சொன்னனான், பழைய காரின்ரை நாலு சில்லும் கொட்டிலுக்குள்ளை சும்மா கிடக்குது, அதைப் பூட்டடா எண்டு. நட்டுப் பூட்டிற ஓட்டையளும் சொல்லிவைச்ச மாதிரிப் பொருந்திச்சுது. பூட்டினது சிலாவத்துறை கராஜ்காரர் முபீன். அவர் சில்லின்ரை உள்பக்கத்திலை குத்தியிருந்த இலக்கத்தைக் காட்டி, ஐயா இது தாங்கிற பாரம் இவ்வளவுதான், இந்தக் கார் பற்றரியோடை அதைவிடக் கூட, ஓட்டை பொருந்தினாப் போதாது எண்டார். எனக்கு உடனை ரோசம் வந்திட்டுது. இதே சில்லிலை பின்சீற்றைக் கழட்டி ஆறு மூடை நெல்லு மில்லுக்குக் கொண்டுபோனனான், பற்றரி என்ன என்ரை நெல்லைவிடப் பாரமோ எண்டு கேட்டன். நிண்டவை எல்லாம் சிரிச்சினம், முபீனும் பூட்டிவிட்டார். நெல்லு எண்டால் வருசத்திலை ஒருநாள், வயல் பாதையாலை ஆமை மாதிரி ரெண்டு கட்டைத் தூரம். மில்லிலை இறக்கினாச் சரி. பற்றரியை ஒருநாளும் இறக்கிறேல்லை எண்டது இந்த மண்டையிலை ஏறேல்லை பிள்ளை.

திங்கக்கிழமை கார் கழுவேக்கை முன்சில்லிலை நட்டு ஓட்டைக்குப் பக்கத்திலை மெல்லிசா ஒரு கோடு கண்டன். கீறலாக்குமெண்டு சுரண்டினன், நகம் உள்ளை இறங்கிச்சுது. அப்பவே சொல்லியிருக்கோணும். அவ்வளவு பேருக்கு முன்னாலை பெரிய வாய் காட்டிப்போட்டு இப்ப எந்த முகத்தோடை சொல்லிறது எண்டு, கிழமை முடிய ஏதும் சாட்டுச் சொல்லிக் கழட்டலாமெண்டு இருந்திட்டன். இண்டைக்கு ஹம்சிகாவுக்குக் கிளினிக், உன்ரை மச்சாளுக்கு இது எட்டாம் மாதம். ஏழரைக்குத் தம்பியும் அவவும் அந்தக் காரிலைதான் மன்னாருக்கு வெளிக்கிட்டினம். நான் படலையிலை நிண்டு மெதுவாப் போடா, மெதுவாப் போடா எண்டு மட்டும் கத்தினன். இப்ப பதினொண்டரை. மூண்டு தரம் எடுத்தன், போன் தூக்கிறானில்லை. மன்னார்ப் பாலத்திலை இண்டைக்குக் காத்து வேறை. கொம்மா சாப்பிடக் கூப்பிடுறா. றோட்டுக்கு ஓடுறன், வந்து ரெண்டு வரி எழுதிறன், திரும்பவும் ஓடுறன். ஐயோ, என்ன வேலை பாத்தனான் பிள்ளை.

வந்திட்டினம். ஒரு மணியாச்சு. போன் சத்தமில்லாமல் பைக்குள்ளை கிடந்ததாம். ஹம்சிகா இறங்கினதும் நான் ஜாக்கைக் கொண்டுபோய் முன்சில்லைக் கழட்டிக் காட்டினன். திங்கள் நகமளவு இருந்த வெடிப்பு அடுத்த ஓட்டைமட்டும் போயிருக்குது. தம்பி குனிஞ்சு விரலாலை அதைத் தடவிப் பாத்தான். எப்ப கண்டனீங்கள் எண்டு கேட்டான், திங்கள் எண்டன். அவன் ஏசுவான் எண்டு பாத்தன், ஏசேல்லை. ஹம்சிகாதான் வயித்திலை கையை வைச்சுக்கொண்டு, மாமா, காலமை நான் ஏறேக்கை உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேட்டா. ஓம் பிள்ளை எண்டன். அவ திரும்பி உள்ளை போயிட்டா.

நாலு சில்லையும் கழட்டியாச்சு, கார் கல்லிலை நிக்குது. நீங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருக்கோணும், அப்பாவின்ரை ஆசி எப்பவும் உண்டு. மறக்காமல் ஹம்சிகாவோடை ஒருக்காத் தனியக் கதை. எனக்காகப் பரிஞ்சு கதைக்காதை.

இப்பிடிக்கு,
உன்ரை அப்பா
க. பாலசிங்கம்