மூன்றாவது பாட்டு

டிசம்பர் 16, செவ்வாய்

நித்திரை வரவில்லை. மதியம் நடந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் வியாழக்கிழமை யூதர்களின் ஹனுக்காப் பண்டிகைக் கொண்டாட்டம். பாட்டுத் தெரிவு என் தலையில். யூதர்களின் பழைய பாட்டுகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கூட வேலை செய்யும் ரேச்சல் யூதப்பெண். அவளிடம் ஃபோனில் ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள். பெயர்களை மட்டும் வாசிக்கச் சொல்லி, ஐந்துக்குத் தலையாட்டினாள். கேட்டால் காது தேய்ந்தா போய்விடும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் அவளிடமிருந்து மெசேஜ். அம்மா ஏப்ரலில் இறந்தாராம். அவர்கள் வழக்கப்படி ஒரு வருடம் முடியும்வரை பாட்டுக் கேட்பதில்லையாம்.

இவரிடம் சொன்னேன். "உம்மட அப்பா தவறின வருஷம் நாங்கள் தீபாவளி கொண்டாடினனாங்களோ?" என்று கேட்டார்.

இல்லை. வீட்டில் ஒரு பலகாரம்கூடச் சுடவில்லை. மற்றவர்களை விடுவோம், எனக்கல்லவா விளங்கியிருக்க வேண்டும்!

உடனே ரேச்சலுக்கு ஃபோன் எடுத்து, பாட்டே வேண்டாம் என்றேன்.

"சும்மா இரும். அந்தச் சனம் ஆடட்டும். நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உருளைக்கிழங்கு பொரிக்கிறன்" என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மூன்றாவது பாட்டு அம்மாவுக்குப் பிடிச்சது. அதுக்கு ஆராவது கைதட்டினால் உள்ளே வந்து சொல்லுவீரோ?"

ஓம் என்றேன், தமிழிலேயே. ஆங்கிலம் வாயில் வரவில்லை. அவளும் என்னவென்று கேட்கவில்லை.