பிறை பதினான்கு

1930 மார்ச் 30, ஞாயிறு

'இதே தேதியில்' பத்திக்கு ஏப்ரல் 13 இதழுக்கான விஷயங்களைத் திரட்டச் சொன்னார் ஆசிரியர் தேசப்பன். "அமிர்தசரஸை மட்டும் மூணு வரியில முடிச்சுடு பாய். போலீஸுக்கு மூக்குல வேர்த்துக்கினு கீது" என்றார். அத்தனை பிணங்களுக்கு மூன்று வரி! சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சோறு போடுகிற இடம்.

அச்சில் எழுத முடியாததை இந்த நோட்டில் எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். தம்பி நூர் முஹம்மது எங்கள் சிந்தாதிரிப்பேட்டை அச்சாபீசிலேயே பைண்டர். இதைத் தைத்து அட்டை போட்டுக் கொடுத்தவன் அவன்தான். "பூட்டி வை அண்ணே, இதுல உன் தலையே கீது" என்று சிரித்தான்.

ஏப்ரல் 6

தண்டியில் உப்பை எடுத்துவிட்டார்களாம். ஒரு பிடி உப்பால் சாம்ராஜ்யம் சாயுமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் பகல் முழுக்க வேலை ஓடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பத்தியை எழுதிக் கொடுத்தாயிற்று. சவசவவென்று இருக்கிறது. நான் நிஜமாக நினைப்பது இது:

1598 ஏப்ரல் 13. பிரெஞ்சு ராஜா ஒருவன் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தான். பெரிய மனசுதான். அவன் பேரனே அதைப் பிடுங்கிக்கொண்டான். ராஜாவின் தயவில் கிடைத்த உரிமைக்கு அவ்வளவுதான் ஆயுசு. லண்டன் வட்டமேஜையில் உட்கார்ந்து கேட்டு வாங்கிவிடலாம் என்று சூட்டுக்கு அளவு கொடுக்கும் நம் கனவான்கள், என் ஜாதிக் கனவான்களும் சேர்த்துத்தான், இதைப் படிக்கட்டும்.

1829. இங்கிலாந்தில் கத்தோலிக்கர்களும் பார்லிமெண்டில் உட்காரலாம் என்று சட்டம் கையெழுத்தானது. நியாயத்துக்காகவா? அயர்லாந்து கொதித்தது, பயந்தார்கள், கொடுத்தார்கள். பயம் காட்டாதவனுக்கு இவர்கள் எப்போது எதைக் கொடுத்தார்கள்?

1919. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. சுவர் சூழ்ந்த தோட்டம். தோட்டா தீருமட்டும் சுட்டதாக அந்தத் தளபதி தன் வாயாலேயே சொன்னான். அவனுக்குப் பணமுடிப்பு வசூலித்துக் கொடுத்த தேசம் நமக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்கிறது. இது கொலைகார சர்க்கார். இதற்கு வரி கட்டுகிற நானும் கூட்டாளிதான்.

எழுதிவிட்டேன். நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டப்போகிறேன்.

ஏப்ரல் 12, சனி

அம்மா இறந்த நாளின் வருஷப் பாத்திஹா. பிறை பதினான்கு. எங்களுக்கு நாள் மக்ரிபில் பிறக்கிறது; இன்று சூரியன் விழுந்ததுமே பதினான்கு தொடங்கிவிட்டது. நூரும் அவன் மனைவி ஜஹீதாவும் வெயில் தாழ்வதற்குள்ளேயே மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜஹீதாவுக்கு ஆறாம் மாதம். மக்ரிப் தொழுததும் நூர்தான் ஓதினான். அம்மா பெயர் வந்த இடத்தை இரண்டு தரம் ஓதினான். வெளியாள் யாரையும் கூப்பிடவில்லை. நெய்ச்சோறு சாப்பிட்டு, ராத்திரி இஷாவும் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பத்தி வந்துவிட்டது. அமிர்தசரஸ் இரண்டே வரி. திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புப் படை இன்று புறப்படுகிறது. அடுத்த வருஷம் இதையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 14

நூரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் சிந்தாதிரிப்பேட்டைக் கள்ளுக்கடை மறியலில் யாரோ கல் எறிந்து ஒரு கான்ஸ்டபிளுக்கு மண்டை உடைந்ததாம். எறிந்தவன் நூராம்! அந்த நேரத்தில் அவன் என் எதிரே உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தானே!

ஏப்ரல் 17

மயிலாப்பூர் வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். வீட்டுப் பெண்கள் வந்து சொல்வார்களா என்று கேட்டார். பர்தாவில் இருப்பவர்களைக் கூண்டில் ஏற்றமாட்டேன் என்றேன். "நான் ஒருத்தன் போதும், தேதிதான் என் தொழில்." அப்படியே சொன்னேன்.

மே 5, திங்கள்

சாட்சிக் கூண்டில் நின்ற என் முன்னால் எங்கள் பத்திரிகையையே நீட்டினார் சர்க்கார் வக்கீல். நான் தயாரித்த பிறைத் தேதி அட்டவணை. "உங்கள் தாயாரின் திதி பிறை பதினான்கு. பதினான்குக்கு நேராக நீங்களே போட்டிருக்கும் இங்கிலீஷ் தேதி என்ன?"

பதின்மூன்று. அப்படியானால் பாத்திஹா ஞாயிற்றுக்கிழமைதான், சனிக்கிழமை இல்லை என்பது அவர் வாதம். பகலுக்கான தேதியைத்தான் அட்டவணையில் போடுவேன். முதல் நாள் மக்ரிபிலேயே பிறை மாறிவிடும் என்பது எங்கள் ஜனங்களுக்குத் தெரியும் என்று அடியில் ஒரு குறிப்புகூடப் போடாமல் விட்டிருந்தேன். விளக்கிச் சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் சிரித்தார். "வசதிக்கு ஏற்ப நாள் மாறுமோ?" என்று கேட்டார். தீர்ப்பு வெள்ளிக்கிழமை.

வெளியே வந்ததும் வக்கீல் கேட்டார்: "அன்னிக்கே எழுதி வெச்சது ஏதாவது ஆத்துல இருக்கா பாய்? கடுதாசி, கணக்கு, எதுவானாலும் சரி. நாளைக்கே தாக்கல் பண்ணிடறேன்."

இல்லை என்றேன்.

மே 6

நூரைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணே, நோட்டு கீதே. பன்னெண்டாந்தேதி எழுதியிருப்பியே. நீ எழுதாம தூங்கமாட்டியே."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பன்னிரண்டைக் காட்டினால் பத்தையும் படிப்பார்கள். கொலைகார சர்க்கார் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ராஜத் துவேஷம். எனக்கும் மூன்று குழந்தைகள். அந்த ஒரு தாளைக் கிழித்துவிடலாமா என்று வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். பத்தாம் தேதியின் கடைசி வரிகள் முடிகிற தாளிலேயே பன்னிரண்டு ஆரம்பிக்கிறது. கிழித்தால் இரண்டும் போகும்.

இது சாக்கா, நிஜமா? அல்லாவே, எனக்கே தெரியவில்லை.

மே 8

இன்றும் வக்கீல் வீட்டு வாசல் வரை போனேன். நோட்டு சட்டைக்குள் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

பதினெட்டு மாதம். கடுங்காவல்.

ஜூலை 21

ஜஹீதாவுக்குப் பெண் குழந்தை. ராயப்பேட்டையில் அவள் வாப்பா வீட்டில். என் மனைவி அஸ்மத்துன்னிசா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குழந்தை யாரைப் போல இருக்கிறது என்று கேட்டேன். "நீங்க எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள். நூர் ஜஹீதாவிடமும் நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறான்; இப்போது இவளுக்கும் தெரிந்துவிட்டது.

1931 மார்ச் 6, வெள்ளி

வைஸ்ராயோடு ஒப்பந்தமாம். சத்தியாக்கிரகக் கைதிகளுக்கெல்லாம் விடுதலை, பலாத்காரக் குற்றம் செய்தவர்கள் நீங்கலாக. உப்பு காய்ச்சியவன் மாலையோடு வருவான். எறியாத கல்லுக்கு என் தம்பி உள்ளேயே இருப்பான். தலைவர்கள் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடட்டும். 'நீங்கலாக' என்று எழுதும்போது ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்து யோசித்திருக்கக் கூடாதா?

யாரைத் திட்டுகிறேன் நான்? அவர்களாவது பேனாவை எடுத்தார்கள்.

மார்ச் 30

ஏப்ரல் 13 பத்தியை வேறு யாரையாவது எழுதச் சொல்லும்படி தேசப்பனிடம் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

நொச்சிக்குப்பம் சாலையில் மீன் வாங்கினேன். கூடைக்காரி அங்காளம்மாள் செதிலைச் சீவிக்கொண்டே, "இன்னா சாயபு, தம்பி வந்துட்டாரு, நீ இன்னா கொஞ்சமாத்தான் வாங்கிக்கினு போற?" என்றாள்.

நன்னடத்தைக்காக இரண்டு மாதத்தைத் தள்ளுபடி செய்து முன்னாலேயே விட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தானாம், ரொம்ப இளைத்திருந்தானாம்.

"என்னிக்குப் பார்த்தே?"

"நாலு நா கீதா, அஞ்சு நா கீதா... தெர்லியே. ஏன், ஊட்டுக்கு வர்லியா?"

வந்தான் என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு மீன் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.