மதகைத் திறக்காதவர்கள்

வின்சம்,
நவம்பர் 12

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

'அன்புள்ள கெர்பன்' என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நான் கேட்கப்போகும் ஒரே கேள்விக்கு நீ பதில் எழுதினால், பழையபடி எழுதலாமா என்று பார்க்கிறேன்.

கேள்வி இதுதான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நீ நடுவராக இருந்து நாம் ஆடிய மேட்டுக்கோட்டைப் போர் ஆட்டத்தில், எந்த வாரத்திலிருந்து எனக்காகப் பகடை எண்ணை மாற்றி எழுதினாய்?

மறுக்க வேண்டாம். சீட்ஸ்கெ சொல்லிவிட்டாள். நீ நார்வேக்குப் போய் மலையும் கடலுமாகப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். நாங்கள் மட்டும் வழக்கம்போல ஆண்டு விருந்துக்குக் கூடினோம். அதே உணவகம், அதே பின்னறை, அதே கடுகு சூப். அதே கேலியும்தான். எதிர்ப்படையாக ஆறாயிரம் பேரை வைத்துக்கொண்டு என் கோட்டையின் முந்நூற்று நாற்பது பேரை அசைக்க முடியாமல் போனவள் என்று அவளை ஆண்டுதோறும் சீண்டுவேன், உனக்குத் தெரியும். இந்த முறை புதிதாக வந்த இரண்டு பேர் எதிரில் இருந்ததால் கொஞ்சம் நீட்டிவிட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "வாத்தியாரே, போதும். அந்தக் கோட்டையை நீதான் காப்பாத்தினேன்னு இன்னுமா நம்பிக்கிட்டிருக்க? கெர்பன் குளிர்காலம் பூரா உனக்குப் பகடையைப் புரட்டிப் போட்டான்யா."

மேசையில் யாரும் சிரிக்கவில்லை. அதனால்தான் நம்பினேன்.

வாசலில் மிதிவண்டியைத் தேடும்போது அவள் பின்னாலேயே வந்து மன்னிப்புக் கேட்டாள். பதினெட்டாம் வாரத்தில் தனக்குச் சந்தேகம் வந்து, கணக்குப் போட்டுப் பார்த்து, உன்னிடம் சண்டைக்குப் போனாளாம். நீ சொன்னதை அப்படியே சொன்னாள். "அவன் பூனையைக்கூடப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டான், சீட்ஸ்கெ. ஞாயித்துக்கிழமை கட்டளை ஒண்ணுதான் அவனைப் பிடிச்சு வெச்சிருக்கு. அதையும் நான் எடுத்துடணுமா?"

சரி. பூனையைக் கொடுத்தது உண்மை. காப்பீட்டுத் தாள்களைச் சமையலறை மேசையில் அடுக்கி வைத்திருந்ததும் உண்மை. அதை நீ ஏன் என்னிடம் நேரில் கேட்கவில்லை என்று இன்று நான் கேட்க மாட்டேன். நேரில் கேட்டிருந்தால் உன்னை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

ஆனால் நீ யார் என்பதை நினைத்துப் பார். இருபத்தாறு வாரம், ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் கட்டளை அனுப்பினேன். புதன்கிழமை உன் முடிவுத்தாள் வந்தது. பகடை உன் வீட்டு மேசையில், எங்கள் கண்ணில் படாமல் உருண்டது. ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. உன் மனைவியின் கட்டளை பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தது என்று அவளுடைய குதிரைப்படையைச் சதுப்பு நிலத்தில் ஒரு வாரம் பட்டினி போட்டவன் நீ. அந்த வாரம் உனக்கு வீட்டில் ஆறிப்போன பட்டாணி சூப்தான் கிடைத்தது என்று நீயே சொல்லிச் சிரித்தாய். அப்படிப்பட்டவன் எழுதிய எண்ணை நான் நம்பினேன். என் பள்ளி நிர்வாகக் குழுவை நம்பியதில்லை. மனைவி என்று ஆலியை நம்பினேன், அது வேறு கதை. உன்னை நம்பினேன்.

ஆட்டம் தொடங்குமுன் நடந்த வாக்குவாதம் நினைவிருக்கிறதா? என் கோட்டையில் வாழும் மேட்டு மக்களின் வரலாற்றை நானே கற்பனை செய்து பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வெளியாளைப் படையில் சேர்க்க மாட்டார்கள். செத்தவன் இடம் காலியாகவே இருக்கும். கடல் மதகைத் திறந்தால் எதிரிப்படை பாதி மூழ்கிப்போகும், ஆனால் வயல்கள் ஏழு ஆண்டு உப்பாகிப்போகும், அதனால் திறக்க மாட்டார்கள். நீ படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். "டேய் ரூலஃப், படிக்க நல்லா இருக்குடா, ஆடறதுக்கு ஆகாது. மூணாவது வாரத்துல செத்துடுவாங்க. கூலிப்படையாவது வெச்சுக்கோ" என்றாய். அவர்கள் அவர்களாகவே இருந்து தோற்கட்டும், வேறு யாராகவோ மாறி ஜெயிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அப்படியானால் சீட்ஸ்கெயின் படையை நாலாயிரமாகக் குறைக்கிறேன் என்றாய். ஒரு ஆள் குறைந்தாலும் நான் ஆட மாட்டேன் என்றேன். நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். ஒரு ஆளும் குறையாது என்று சொன்னாய்.

குறையவில்லைதான். ஆட்களை விட்டுவிட்டுப் பகடையில் கை வைத்தாய்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு என்ன மிச்சம் இருந்தது என்று உனக்குத் தெரியும். தலைமையாசிரியர் பதவி என்னிடம் லத்தீன் படித்துத் தேறாத ஒருவனுக்குப் போனது. ஆலி சமையலறை அலமாரி விற்பவனோடு போனாள். சுவரில் விரிசல், அது இன்னும் இருக்கிறது. எரிவாயு எடுப்பதால் போன வாரமும் நிலம் ஒருமுறை உறுமி அதிர்ந்தது, மூன்றாவது பொறியாளர் வந்து விரிசலை அளந்துகொண்டு போனார். இத்தனைக்கும் நடுவில், ஐம்பத்து நான்கு வயதில், நான் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. முந்நூற்று நாற்பது பேரை வைத்துக்கொண்டு, ஒரு விதியையும் மீறாமல், இருபத்தாறு வாரம் நின்றேன். வகுப்பில் பின்வரிசை என்னைக் கேலி செய்யும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்வேன். சிரிக்காதே.

உன் முடிவுத்தாள்கள் இருபத்தாறும் என்னிடம் இருக்கின்றன. நேற்று முழுவதும் பார்த்தேன். பதிமூன்றாம் வாரம் கோட்டையில் காய்ச்சல் பரவியும் ஒருவரும் சாகவில்லை. அது உன் கை, ஒப்புக்கொள்கிறேன். பதினாறாம் வாரம் தானியக் களஞ்சியத்தில் எலி புகவில்லை. அதுவும் நீதான். ஆனால் ஒன்பதாம் வாரம் மரப்பாலத்தில் நாற்பத்தொரு பேர் தொள்ளாயிரம் பேரைத் தடுத்தார்களே, அது என் திட்டம். நடுப்பலகைகளை உருவி, கீழே பனிக்கட்டியை உப்புத் தண்ணீர் ஊற்றி இளக வைத்தேன். மூன்று நாள் யோசித்து எழுதிய கட்டளை. நான் பூனையைப் பக்கத்து வீட்டுக் கிரீட்டிடம் கொடுத்தது பத்தாம் வாரம். அவள் உனக்குத் தொலைபேசியில் சொன்னது அதற்குப் பிறகுதானே இருக்க முடியும்? ஆகவே பாலம் என்னுடையது. அப்படித்தானே?

வாரத்தை மட்டும் எழுது. விளக்கம் வேண்டாம். இரக்கப்பட்டுப் பொய் சொல்லாதே. அதை ஏற்கெனவே செய்துவிட்டாய்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். அங்கே பனி தொடங்கிவிட்டதாகப் படித்தேன். முதுகுவலிக்காரன் நீ, வாசலில் நீயாகப் பனி அள்ளாதே.

இப்படிக்கு,
ரூலஃப் வியரிங்கா
(மேட்டுக்கோட்டையின் முன்னாள் தளபதி)


வின்சம்,
டிசம்பர் 3

அன்புள்ள கெர்பன்,

உன் அஞ்சலட்டை கிடைத்தது. 'நான்காம் வாரம்' என்று எழுதியிருக்கிறாய். விளக்கம் வேண்டாம் என்று சொல்லியும் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாய்: 'நாலாவது வாரக் கட்டளைல நீ என்னைத் திட்டல.'

எடுத்துப் பார்த்தேன். கட்டளைகளின் நகல்களும் என்னிடம் உண்டு. முதல் மூன்று வாரமும் கடைசி வரியில் உன்னை ஏதோ சொல்லித் திட்டியிருக்கிறேன், குருட்டு நடுவனே, பகடை தின்னியே என்று. நான்காம் வாரம் கட்டளை மட்டும் இருக்கிறது. கீழே வெள்ளைத் தாள். நான் பூனையைக் கொடுப்பதற்கு ஆறு வாரம் முன்பே நீ பார்த்துவிட்டாய். என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள் பத்தொன்பது ஆண்டில் அவ்வளவு பார்த்ததில்லை.

ஆகவே பாலம் என்னுடையதல்ல. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் பள்ளியில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். பிறகு சீட்ஸ்கெயை அழைத்தேன். நான்காம் வாரத்திலிருந்து மறுபடி ஆடுவோம், உன் விதிப்புத்தகத்தின்படி, பகடையை மேசையில் வெளிப்படையாக உருட்டி, என்றேன். அவள், "பகடையை நான் தொட மாட்டேன். நீயே உருட்டு. விழுந்த பிறகு என்னைத் திட்டாதே" என்றாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தாள். பொரித்த முட்டை உருண்டை ஒரு பை வாங்கி வந்திருந்தாள். சுவரைப் பார்த்துவிட்டு, "உன் வீடு என் படையைவிட மோசமா இருக்கு" என்றாள். நான்காம் வாரமும் ஐந்தாம் வாரமும் தாங்கினேன். ஆறாம் வாரம் எழுபது பேர் போனார்கள். எட்டாம் வாரம் எலி புகுந்தது. ஒன்பதாம் வாரம் அதே பாலம், அதே கட்டளை, ஒரு சொல் மாற்றவில்லை. நாற்பத்தொரு பேரும் செத்தார்கள். ஒரே உருட்டல். பனிக்கட்டி இளகவே இல்லை.

சீட்ஸ்கெ அவர்களுடைய காய்களைத் தானே எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மதகு இருக்கே, வாத்தியாரே. திறந்தா என் ஆளுங்க மூவாயிரம் பேர் காலி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்போது ஒன்று விளங்கியது. நீ எழுதிய எண்களால், அந்தக் குளிர்காலம் முழுக்க மதகைத் திறக்கலாமா என்று நான் நினைக்க வேண்டிய நிலையே வரவில்லை. மேட்டு மக்கள் மதகைத் திறக்க மாட்டார்கள் என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன். யாராவது அவர்கள் கழுத்தைப் பிடிக்கும்வரை அது வெறும் எழுத்து. பதினோரு ஆண்டு அந்த எழுத்தைத்தான் மெடல் மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். உன்மேல் எனக்குள்ள கோபத்தில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

திறக்கவில்லை. ஆனால் மதகுக் காயை நோக்கிக் கை போனது. அதை மறைக்க மாட்டேன், காயைத் தொட்டுவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டேன்.

பதினோராம் வாரம் கோட்டை விழுந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். சீட்ஸ்கெ ஜெயித்த முகமாகவே இல்லை. "இத்தனை வருஷம் இதுக்காகக் காத்திருந்தேன். இப்ப ஜெயிக்காமலே இருந்திருக்கலாம்னு தோணுது" என்றாள். பிறகு பாத்திரங்களைக் கழுவினாள். நான் துடைத்தேன். மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்குப் போனேன், இரண்டாம் வகுப்புக்கு வினைச்சொல் நடத்தினேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். செவ்வாயும் போனேன்.

ஆனால் ஆட்டம் முடியவில்லை, கெர்பன். பதினேழு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். மூன்று பக்கமும் சீட்ஸ்கெயின் ஆட்கள். வடக்கே அணை, அணைக்கு அப்பால் சேற்றுக்கடல். ஓதம் இறங்கி நீர் வற்றியிருந்தால் மூன்று மணி நேரம் நடந்து எதிரிலுள்ள தீவுக்குப் போய்விடலாம். நாமே இருபது வயதில் இடுப்புவரை சேற்றோடு நடந்திருக்கிறோம். நீர் ஏறிவிட்டால் பாதி வழியில் முடிந்துவிடும். மேட்டு மக்கள் எதைச் செய்ய மாட்டார்கள் என்று பன்னிரண்டு பக்கம் எழுதியவன், தோற்ற பிறகு எங்கே போவார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. உன் விதிப்புத்தகத்திலும் நீர் ஏற்ற இறக்கத்துக்கு விதி இல்லை. சீட்ஸ்கெயைக் கேட்டேன். "அது நடுவர் தீர்ப்பு. அவனுக்கு எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். எந்த எண்ணுக்கு மேல் விழுந்தால் நீர் வற்றியிருக்கும் என்பதை நீயே முடிவு செய்து முதலில் எழுதி வை, பிறகு உருட்டு. உன் மனைவி பக்கத்தில் இருக்கட்டும். என்ன விழுந்ததோ அதை அனுப்பு. கடல் வந்தால் கடல் என்று எழுது. என்னால் படிக்க முடியும். இப்போது முடியும்.

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். கோடையில் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், மாடி அறையில் விரிசல் இல்லாத சுவர் ஒன்று இருக்கிறது. கட்டிலை அதன் ஓரமாகத் தள்ளிப் போட்டு வைக்கிறேன்.

பதினேழு பேரும் காலணியைக் கழற்றிவிட்டார்கள். கட்டளை: வடக்கே நடப்பது.

உன்,
ரூலஃப்