மாமன் முகம் போட்ட ஐந்நூறு

உத்தனப்பள்ளி
3.2.2025

அக்கா மகள் ரேவதிக்கு, தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

போனை எடுக்க மாட்டேங்கிற, அதனால தபால். ரூபா நோட்டுக்குப் படம் வரையற வேலைன்னு பேரு. மூணு வருஷமாக் கோடு இழுக்கறயாம், என்ன கோடுன்னு பெத்தவகிட்டகூடச் சொல்ல மாட்டியாம். வரைஞ்சதுல உன் பேரும் கிடையாதாம். இதெல்லாம் ஒரு வேலையா கண்ணு? நம்ம பெயிண்டர் சிவராஜ் லாரிக்குப் பின்னாடி எலுமிச்சம்பழம் வரைஞ்சாக்கூடக் கீழே பேரும் செல் நம்பரும் போடறான்.

அந்தக் குறையை நான் தீர்த்துட்டேன். உன் கல்யாணத்துக்கு பஸ் ஸ்டாப்புல இருபதடி பிளெக்ஸ். ஐந்நூறு ரூபா நோட்டு, நடுவுல நான், மீசையோட. 'புது நோட்டை வரைவது எங்கள் ரேவதி. யோசனை: தாய்மாமன்.' ஓசூர் பஸ்ஸே நின்னு பார்த்துட்டுப் போகுது. டிரைவர் கன்னடத்துலயே கும்பிட்டான்.

மேடையில் மாலை எடுத்துத் தரப்போகும்
நாராயணப்பன்


11.2.2025

மாமாவுக்கு,

உங்கள் பிளெக்ஸைப் படம் பிடித்து யாரோ எங்கள் ஆபீசுக்கே அனுப்பிவிட்டார்கள். புது நோட்டை வரைவது யார் என்று வெளியே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டது. அந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

கண் தெரியாத ஒருவர் விரலால் தடவியே இது எந்த நோட்டு என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த மூன்று வருஷக் கோடு. உங்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. உங்கள் விரலுக்குத் தெரிந்தது மீசை மட்டும்தான்.

பிளெக்ஸை இறக்குங்கள். மாலை எடுத்துத் தர அம்மாவின் சித்தப்பா மகன் கோவிந்தப்பன் மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

ரேவதி


உத்தனப்பள்ளி
17.2.2025

ரேவதிக்கு,

கோவிந்தப்பனா! ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போற தக்காளியைப் பெங்களூருக்கு ஓட்டிட்டுப் போன புத்திசாலியாச்சே. மாப்பிள்ளையை விட்டுட்டு மேளக்காரன் கழுத்துல மாலை போடாம இருந்தாச் சரி.

பிளெக்ஸை இறக்கி, மழையில நனையாம ராகித் தாள் போர் மேல மூடியாச்சு. எஸ்.பி.யே நேர்ல வந்து, "மனசே இல்லைங்க ஐயா, ஆனாலும் இறக்குங்க"ன்னு கெஞ்சினார்.

மாமன் சீர்ப் புடவை அனுப்பறேன். யார் கொடுத்ததுன்னு சொல்ல வேண்டாம். உன் நோட்டு மாதிரி அதுலயும் பேர் இருக்காது.

நாராயணப்பன்


24.2.2025

மாமாவுக்கு,

புடவை வந்தது. பெட்டி மேல் அனுப்பியவர் பேர்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோவிந்தப்பன் மாமாவிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் புடவையைப் பிரித்தேன். முந்தானையில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியில் ஐந்நூறு ரூபாய் நோட்டு. நடுவில் நீங்கள்.

மீசையைத் தடவிப் பார்த்தேன். கண் தெரியாதவர்கூட நீங்கள்தான் என்று சொல்லிவிடுவார்.

திருப்பி அனுப்பியிருக்கிறேன். ராகிப் போருக்கு ஆகும்.

ரேவதி