கண்ணாடிக்குள் ஓடும் மோட்டார்

ஜூலை 14, 2025, திங்கள்

இன்று ரிப்பன் வெட்டினார்கள். எங்கள் மின் இயந்திர ஆய்வகத்துக்கு இனிமேல் பெயர் 'மெய்நிகர் கற்றல் கூடம்'. இரண்டு வருடமாகவே அது பூட்டிக் கிடந்தது. மின் பலகை பழுதாகி, அதைச் சரிசெய்ய ஆளில்லாமல், கணினித் திரையில் காட்டியே பிள்ளைகளைத் தேற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது மோட்டார்களையும் வெளியே தள்ளிவிட்டார்கள். சைக்கிள் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறது. உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்குமா?

அந்த இடத்தில் பன்னிரண்டு விஆர் கண்ணாடிகள். முகத்தில் மாட்டினால் உள்ளே ஒரு மோட்டார் தெரியும். கையை ஆட்டினால் வயர் நகரும்.

"ஃபஸீலா மேம், இனிமே ஷாக் அடிக்கும்கிற பயமே இல்ல. ஸீரோ ரிஸ்க்!" என்றார் சுரேஷ். புதுமைக் கற்பித்தலுக்கு டீன். அந்தப் பதவியே மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பிறந்தது. அவர் கடைசியாக எப்போது ஒரு வகுப்புக்குள் போனார் என்று அவருக்கே ஞாபகமிருக்காது.

நானும் கை தட்டினேன். எல்லாரும் தட்டினார்கள், தட்டினேன்.

ஜூலை 23, புதன்

நாற்றம் தாங்கவில்லை. அறுபது பேர், பன்னிரண்டு கண்ணாடி. ராமநாதபுரத்து வெயிலில் பேருந்தில் நின்றபடி வந்த பிள்ளைகள். ஒருவர் கழற்றியதை அடுத்தவர் மாட்ட வேண்டும். முகத்தில் பதியும் பஞ்சு முழுக்க வியர்வை, தேங்காயெண்ணெய், பவுடர். இரண்டு மணிக்கு அதைப் பிழிந்தால் சொட்டும். நான் டெட்டால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இதற்குத்தான் எம்.இ. படித்தேன்.

இரண்டு பெண்கள் வாந்தி எடுத்தார்கள். டீனிடம் சொன்னேன். "அது மோஷன் சிக்னஸ் மேம், போகப் போகப் பழகிடும்."

சீ. எது எதுக்கெல்லாம் பழக வேண்டியிருக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

"மேம், நான் இன்னைக்கு மட்டும் நாலு மோட்டார எரிச்சுட்டேன்!" என்று ஒருவன் கத்துகிறான். வகுப்பே விசிலடிக்கிறது. எரிந்தால் கண்ணாடிக்குள் கொஞ்சம் புகை வரும், பிறகு 'மீண்டும் தொடங்கு' என்று வரும். அவ்வளவுதான்.

சிநேகாவுக்கு மட்டும் நூற்றுக்கு நூறு. மாரியூர்ப் பெண். அவளுடைய அய்யா மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டாள்: "மேம், நெச மோட்டாருல வயர் மாட்டுற டெர்மினல் இம்புட்டு லேசா கழருமா?"

கழராதும்மா என்றேன். வா காட்டுகிறேன் என்று சைக்கிள் கொட்டகைக்கா கூட்டிப்போக?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு பிள்ளைகள் 'கற்றல் சிந்தனைக் குறிப்பு' எழுத வேண்டுமாம். அறுபது வந்தது. அறுபதும் ஒரே அச்சு. "இந்தச் சோதனை எனது புரிதலை ஆழப்படுத்தியது." எல்லாம் ஏஐ எழுதியது. ஒருவன், மேலே அது போட்டுக் கொடுத்த "நிச்சயமாக, இதோ உங்கள் குறிப்பு" என்ற வரியைக்கூட அழிக்காமல் அனுப்பியிருக்கிறான்.

துறைத் தலைவர் ஹமீது சுல்தான் சாரிடம் காட்டினேன். சிரித்தார். "நீங்களும் ஏஐ-ல போட்டே கமென்ட் எழுதிருங்க மேம். ஒவ்வொண்ணுக்கும் அம்பது வார்த்தை இருக்கணும், ஃபைல்ல வைக்கணும்."

ஆக, எழுதுவதும் மெஷின், படிப்பதும் மெஷின். நடுவில் நானும் பிள்ளைகளும் எதற்கு? சம்பளத்துக்கும் வருகைப் பதிவுக்கும்.

எழுதிவிட்டேன். அறுபதுக்கும். பத்து நிமிஷம் ஆனது. வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

தரச்சான்றுக் குழுவுக்குக் காட்ட, பிள்ளைகளின் கற்றல் விளைவு மூன்றுக்கு 2.7 வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அது வருகிற மாதிரி மதிப்பெண்ணைப் பின்னாலிருந்து நிரப்பினோம். மதியம் பிரியாணி போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது. வரட்டும்.

கடலாடிப் பக்கம் சோலார் நிலையங்களுக்குப் பராமரிப்பு வேலை பார்க்கும் பட்டறை ஒன்று. டிசம்பர் விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எட்டுப் பேரை அனுப்பினோம். சிநேகாதான் முதல் பெயர். நானே கொடுத்த பெயர்.

ஒரு பம்ப் மோட்டாரைக் காட்டி, டெர்மினல் மூடியைக் கழற்றி இணைப்பை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இவள் ஸ்பேனரை எடுத்து, மூடியைக் கழற்றி, நேராகக் கையை உள்ளே விட்டிருக்கிறாள். லைனில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சுவிட்சு ஆனில் இருக்கிறது, இவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே சூப்பர்வைசர் மருதுபாண்டி என்பவர் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டிருக்கிறார். ஸ்பேனர் தெறித்துப் போய் விழுந்திருக்கிறது.

"வீட்ல சொல்லிட்டு வந்தியா, சாகப் போறேன்னு?" என்று கேட்டாராம். எட்டுப் பேரையும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

சிநேகா என் முன்னால் நின்று அழுதாள். "எனக்குத் தோணவே இல்ல மேம். அதுல பச்சப் பொத்தான அமுக்குனாத்தான கரண்டு வரும்? நம்ம இன்னும் அமுக்கலையேன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஆமாம். அந்த மென்பொருளில் எல்லா இணைப்பும் சரியாகக் கொடுத்த பிறகுதான் மின்சாரம் வரும். கை வைக்கும் முன்னால் லைனை அணை, டெஸ்டர் வைத்துப் பார், இன்னொரு தடவை பார் – இந்த வேலையே அதில் இல்லை. முதல் நாள் சொல்லித்தர வேண்டிய பாடம். ஸீரோ ரிஸ்க்காம். தூ!

நான் அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டவள். நான்.

செப்டம்பர் 12, வெள்ளி

துறைத் தலைவரிடம் போனேன். மின் பலகையைச் சரிசெய்து மோட்டார்களை உள்ளே கொண்டுவாருங்கள், வாரம் ஒரு நாள் போதும், நானே நின்று சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். டீனிடம் கேட்கச் சொன்னார். டீனிடம் போனேன்.

"பொண்ணுக்கு இன்டர்வியூ பதட்டம் மேம். சாஃப்ட் ஸ்கில்ஸ் கொடுக்கணும். ஒரு நாள் வொர்க்‌ஷாப் போட்டுருவோம்."

"கரண்டு அடிச்சா சாஃப்டாவா சார் அடிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. அக்டோபரில் தரச்சான்றுக் குழு வருகிறது, அதுவரை எதையும் நகர்த்த முடியாதாம்.

வீட்டில் உம்மாவிடம் சொன்னேன். "நீ என்ன ஊரத் திருத்தப் போறியா? கெடச்ச வேலய வச்சுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இரும்மா." உம்மா சொல்வதில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

குழு வந்து போனது. கொட்டகையிலிருந்த மோட்டார்களுக்கு நேற்றே சாம்பல் நிறத்தில் பெயிண்ட் அடித்து வராந்தாவில் வரிசையாக வைத்திருந்தார்கள். பெயிண்ட் அடித்தவர் டெர்மினல் மேலேயும் அடித்துவிட்டார். மோட்டாரின் விவரம் பொறித்த தகடு மேலேயும். ஒரு வயரைக்கூட மாட்ட முடியாது. யாரும் மாட்டப் போவதில்லை என்பது அந்த மனிதருக்கும் தெரிந்திருக்கிறது.

கண்ணாடி போட்டுச் செய்து காட்ட யாரை நிறுத்தினார்கள்? சிநேகாவை. நல்ல மதிப்பெண், பேசாத பெண், அதனால். அவள் செய்தாள். பெரிய திரையில் மோட்டார் ஓடியது. குழுவின் மூன்று பேரும் கை தட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "மாணவர்கள் ரியல் மெஷின்லயும் ப்ராக்டீஸ் பண்றாங்கதானே?" என்றார்.

"ஆமா சார்."

சொல்லிவிட்டேன். சிநேகா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். அந்த வியர்த்த பஞ்சைவிட என் வாய்தான் நாறியது.

நவம்பர் 3, திங்கள்

மேசையில் அறுபது ரெக்கார்டு நோட்டு. பதினான்காம் தேதி செய்முறைத் தேர்வு. நான் சான்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் யாரும் தேர்வுக்கு உட்கார முடியாது. சான்றில் அச்சடித்திருப்பது: "இம்மாணவர் சோதனைகளை இயந்திரங்களில் தாமே செய்து முடித்தார், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தார் எனச் சான்றளிக்கிறேன்."

இத்தனை வருடமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்று படித்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

நான் கையெழுத்துப் போடவில்லை என்று தெரிந்து வகுப்பே வந்து நின்றது. "மேம், அரியர் விழுந்தா எங்க வீட்ல கொன்னுருவாக." "எங்க மேல என்ன கோவம் மேம்?" இவர்கள் மேல் எனக்கென்ன கோபம்? கோபப்பட வேண்டிய ஆள்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள், அடிபடப் போவது இவர்கள். போட்டாலும் இவர்கள்தான் சாவார்கள், போடாவிட்டாலும் இவர்களுக்குத்தான் நஷ்டம். என்ன மாதிரி ஒரு வேலை இது!

எல்லாரும் போன பிறகு சிநேகா மட்டும் நின்றாள். "மேம், எனக்கு உள்ளத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. படத்துல செஞ்சோம்னு போடுங்க. அது பொய்யில்லையே."

அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

நவம்பர் 10, திங்கள்

மற்ற பிள்ளைகளையும் கேட்டேன். முனகினார்கள், பிறகு சரியென்றார்கள். அறுபது நோட்டிலும் அச்சடித்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: "விஆர் கண்ணாடியில் மட்டும் செய்தது. உண்மையான இயந்திரத்தில் கை வைத்ததில்லை. மின்சாரத்தைத் துண்டித்துச் சோதிக்க இவருக்குக் கற்றுத்தரவில்லை." அதன்கீழ் என் கையெழுத்து. விரல் வலிக்கிறது. ஆனால் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

வேலை போகும். போகட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

வேலை போகவில்லை. அதைவிடக் கேவலம்.

வெளித்தேர்வாளர் வந்தார். பச்சை மையில், நான் எழுதியதற்குச் சரியாகக் கீழே, அறுபது நோட்டிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. போட்டுக்கொண்டே மீன் குழம்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். துறைத் தலைவரும் போட்டார். டீன் அலுவலகம் பத்து நோட்டை வாங்கி ஸ்கேன் செய்து 'சிறந்த நடைமுறைகள்' கோப்பில் ஏற்றிவிட்டது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது!

திட்டுவார்கள், கத்துவார்கள், மெமோ கொடுப்பார்கள் என்று நான்கு நாளாகப் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒருவனும் படிக்கவில்லை. இந்தக் கட்டடத்தில் எழுதுகிற எதையும் யாரும் படிப்பதேயில்லை. அந்தப் பாராட்டுக் கடிதத்தையும் ஏஐதான் எழுதியிருக்கும்.

டிசம்பர் 6, சனி

சிநேகா போன் பண்ணினாள். தானாகவே பஸ் ஏறி அந்தப் பட்டறைக்கு மறுபடி போயிருக்கிறாள். ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு.

"மருதுபாண்டி சார் என்னையப் பாத்ததும் வாசலயே காட்டுனாரு மேம். நான் நோட்டக் குடுத்தேன். அங்கனயே நின்னு படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு."

"என்ன சொன்னார்?"

"தெரியும்னு எழுதிக்கிட்டு வர்றவன்தான் எங்கிட்ட வந்து சாகுறான். தெரியாதுன்னு எழுதிக் குடுத்துருக்காக, அப்பச் சொல்லிக் குடுக்கலாம், திங்கக்கெழம வான்னுட்டாரு. வேற பிள்ளைகளும் இந்த நோட்டக் கொண்டாந்தா வரச் சொல்லுன்னாரு மேம்."

சரிம்மா, பார்த்துப் போ என்று மட்டும் சொன்னேன். பிறகு அவள் ஒன்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"மேம், எங்களுக்கு முன்னாடி படிச்சவுகளுக்கு யாரு சொன்னா?"

டிசம்பர் 7, ஞாயிறு

திரையில் காட்டித் தேற்றி அனுப்பிய முதல் கூட்டம் இந்த மே மாதம் வெளியே போனது. ஐம்பத்தெட்டுப் பேர். எல்லார் சான்றிலும் என் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

காலை பத்து மணிக்குப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் பாக்கர், சவுதியில் இருக்கிறான். "என்ன மேம் திடீர்னு?" என்றான். "டேய், லைன ஆஃப் பண்ணிட்டுத்தானே கை வைக்கிற?" என்று கேட்டேன். சிரித்தான். "அதெல்லாம் வந்த மாசமே ஒரு அடி வாங்கிக் கத்துக்கிட்டேன் மேம். இடது கையில ரெண்டு விரலு இன்னும் மரத்துத்தான் இருக்கு." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கவிப்ரியா வேறு வேலைக்குப் போய்விட்டாள், அல்ஹம்துலில்லாஹ். சூர்யா ராமேசுவரத்தில் லாட்ஜ்களுக்கு வயரிங் பார்க்கிறான், அவனுக்குச் சொன்னேன், சரி மேம் என்றான். சாயங்காலம் அசர் தொழுகைக்கு எழுந்திருப்பதற்குள் முப்பத்தொரு பேரிடம் பேசிவிட்டேன்.

காஜா நவாஸ் எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டேன். நாலாவது தடவை அவன் உம்மா எடுத்தார்கள். நான் அவனுடைய டீச்சர் என்று சொன்னதும், "அவன அடக்கம் பண்ணி மூணு மாசமாச்சு, இப்பத்தான் ஒங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதா மேடம்?" என்று கேட்டார்கள்.